கருப்பையில் கட்டி என்று சொன்னால்



"ஸ்கேன்ல கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க." இந்த ஒரு வசனம் காலையில் லயத்துக்குள் வந்தால், பொழுது சாய்வதற்குள் பத்து வீட்டிலும் பத்து விதமாகப் பேசப்படுகிறது. ஒருவர் கேன்சர் என்பார். ஒருவர் செய்வினை என்பார். இன்னொருவர், "பிள்ளைகள் பெற்றாச்சு, இனி எதுக்கு அந்தப் பை, எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்பார். கட்டி உள்ளவர் மட்டும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அவருடைய வீட்டுக்காரருக்குமாகவே இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் கட்டி என்பது என்ன என்று பார்ப்போம். கருப்பை என்பது தலைகீழாகப் பிடித்த கொய்யாப்பழம் அளவில் உள்ள ஒரு தசைப் பை. அந்தத் தசையே ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்து உருண்டையாகத் திரண்டால் அதுதான் பைப்ரோயிட். தமிழில் நார்த்திசுக் கட்டி என்று எழுதுவார்கள். பயறு அளவிலும் இருக்கும், தேங்காய் அளவுக்கும் வளரும். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். இது கேன்சர் அல்ல. பைப்ரோயிட் என்று நினைத்தது கேன்சராக இருந்துவிடுவது மிக மிக அபூர்வம். ஐம்பது வயதுக்குள் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கட்டி வந்துவிடுகிறது. பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

ஏன் வருகிறது? பெண்ணின் உடம்பில் ஊறும் ஹோர்மோன்களை உண்டுதான் இது வளர்கிறது. அதனால்தான் வயதுக்கு வருமுன் வருவதில்லை, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானாகச் சுருங்குகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். கூடை சுமந்ததால் வருவதில்லை. கருத்தடை ஒப்பரேஷனாலோ டெப்போ ஊசியாலோ வருவதில்லை. கொப்பர் லூப் சிலருக்கு இரத்தப்போக்கைக் கூட்டும், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் லூப் கட்டியை உண்டாக்குவதில்லை. பக்கத்துக் காம்பராக்காரி வைத்த சூனியத்தாலும் வருவதில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்கேன் துண்டு ஆங்கிலத்தில் இருக்கும். அதில் வரும் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். பைப்ரோயிட், மயோமா, லியோமயோமா எல்லாம் ஒரே கட்டிக்குள்ள வெவ்வேறு பெயர்கள். "இன்ட்ராமியூரல்" என்றால் கட்டி பையின் சுவருக்குள் இருக்கிறது. "சப்சீரோசல்" என்றால் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. இது வளர்ந்தால் மூத்திரப் பையை அழுத்தும், அடிக்கடி போக வேண்டியிருக்கும், இடுப்பு கனக்கும், மலச்சிக்கல் வரும். "சப்மியூக்கோசல்" என்றால் பையின் உள்ளறைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அளவில் சிறியதாக இருந்தாலும் அதிக இரத்தம் போக வைப்பதும், கரு தங்குவதைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆகவே "எத்தனை சென்டிமீட்டர்" என்று கேட்பதோடு நிற்காமல் "எந்த இடத்துல இருக்கு டாக்டர்?" என்றும் கேளுங்கள். டாக்டர் "பன்னிரண்டு வார அளவு" என்று சொன்னால் கர்ப்பம் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டியோடு சேர்ந்த கருப்பை, மூன்று மாதக் கர்ப்பத்தில் இருக்கும் அளவுக்குப் பெருத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

இனி இரத்தத்துக்கு வருவோம். நம் தோட்டங்களில் கட்டியைவிட அதனால் போகும் இரத்தம்தான் ஆளை வீழ்த்துகிறது. மாதா மாதம் ஏழெட்டு நாள் கட்டி கட்டியாகப் போனால் உடம்பிலுள்ள இரும்புச்சத்து வற்றிவிடும். இதுதான் இரத்தச்சோகை. மலை ஏறும்போது மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். தலை சுற்றும். நேற்று வரை பேருக்குரிய கிலோவை எடுத்தவள் இன்று எடுக்க முடியாமல் அரைப்பேரோடு திரும்புவாள். கங்காணி அதைச் சோம்பல் என்பார். வீட்டில் மாமியாரும் அதையே சொல்வார். அவளும் தன்னைப் பற்றி அப்படியே நினைக்கத் தொடங்கிவிடுவாள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே சோகைதான். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அது எட்டுக்கும் கீழே போய், கால் வீங்கி, படியேற முடியாமல் ஆனபிறகுதான் பலர் டிஸ்பென்சரிக்கு வருகிறார்கள்.

இங்கே நம் கையால் பறிக்கிற தேயிலையைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தேத்தண்ணியில் உள்ள டனின் என்னும் துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு சேர்த்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கும். ரொட்டியும் சம்பலும் தின்று, கையோடு ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேத்தண்ணியை விட்டுவிடச் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையை ஒருபோதும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது, புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். முருங்கைக்கீரை, பருப்பு, கௌபி, நெத்திலிக் கருவாடு, வாய்க்கும் நாளில் ஒரு துண்டு ஈரல், பிறகு ஒரு கொய்யாப்பழம் என்று இருந்தால் போதும். ஆனால் இரத்தம் நிறையப் போகிறவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக் கூடாது. இரத்தம் ஏறியபிறகும் மேலும் மூன்று மாதம் குடித்தால்தான் உடம்பில் சேமிப்பு நிறையும்.

டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் தூரமான முதல் நாளையும் நின்ற நாளையும் கோடு போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது பேட் மாற்றினீர்கள், கட்டி கட்டியாகப் போனதா, இரவில் எழுந்து மாற்றினீர்களா என்பதையும் எழுதுங்கள். "நெறைய போகுது டாக்டர்" என்றால் நிறைய என்பது எவ்வளவு என்று அவருக்கு விளங்காது. இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டினால் அவருக்கும் வேலை இலகு. எழுதத் தெரியாவிட்டால் மகளிடம் சொல்லி எழுதுங்கள். இதில் வெட்கம் எதற்கு? நாளைக்கு அவளுக்கும் இது உதவும்.

எங்கே போவது? தோட்ட டிஸ்பென்சரியிலோ மிட்வைப் அம்மாவிடமோ முதலில் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டு முதல் இலங்கையில் உள்ளன. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களை முக்கியமாக அழைப்பார்கள். அங்கே கருப்பைக் கழுத்துக் கேன்சருக்கான சோதனை, மார்புச் சோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். சந்தேகமிருந்தால் மேலே அனுப்புவார்கள். ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்தில் இருப்பவர்களை மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைப் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவது வழக்கம். தேவையானால் அங்கிருந்து கண்டிக்கு எழுதுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குக் காசில்லை. வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்திரப் பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காக வீட்டிலேயே இரண்டு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு அந்த வளைவுப் பாதையில் பஸ் ஏறிவிடாதீர்கள்! ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபின் குடித்தால் போதும். கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் துண்டு, குடிக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

சிங்களம் சரியாக விளங்காவிட்டால் விளங்கியதுபோல் தலையாட்ட வேண்டாம். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. "தமிழில் சொல்லித்தர யாராவது இருக்காங்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. குறிப்பாக ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கும்போது, எதை எடுக்கப் போகிறார்கள், எதை விடப் போகிறார்கள் என்று விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றல்ல. தொந்தரவே இல்லாவிட்டால் எதுவும் செய்யத் தேவையில்லை, டாக்டர் சொல்லும் தவணைக்கு மறுபடி காட்டினால் போதும். இரத்தம் அதிகம் போனால் அந்த நாட்களில் மட்டும் குடிக்கும் ட்ரனெக்சாமிக் அசிட் மாத்திரை போக்கைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. ஹோர்மோன் மாத்திரைகளும் உண்டு. அவற்றில் ஒன்று நோரெதிஸ்டெரோன். இது உங்களுக்குத் தெரியாத மருந்தல்ல: மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்குப் போக, தூரத்தைத் தள்ளிப்போட என்று மருந்துக்கடையில் சிலர் கேட்டு வாங்குகிற அதே மாத்திரைதான். கட்டி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைக் குடிக்க வேண்டாம், நிறுத்தியதும் ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடும். கசாயம், நாட்டு மருந்து குடிப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் என்று நிரூபணமான கசாயம் எதுவும் இல்லை.

பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் தங்கச்சிமார்களுக்கு ஒன்று சொல்வோம். கட்டி இருந்தும் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். தேவைப்பட்டால் கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம். ஒரு காலத்தில் இதைப் பெரிய டாக்டர்களே துணிந்து செய்யவில்லை. லண்டனில் விக்டர் பொனி என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். அவருடைய மனைவிக்கே இந்தக் கட்டியால் கருப்பையை எடுக்க வேண்டி வந்து, அவர்களுக்குப் பிள்ளையில்லாமல் போனது. மற்றப் பெண்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்று கட்டியை மட்டும் எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் செய்து திருத்தி, 1946இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்று அது சாதாரண ஒப்பரேஷன். கட்டிகள் திரும்ப முளைக்கலாம் என்பதும் உண்மை, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கருப்பையையே எடுக்கும் ஒப்பரேஷன், வேறு வழியில் அடங்காதபோது நல்ல தீர்வுதான். உயிர் மீண்டதுபோல் இருக்கிறது என்று சொல்லும் அக்காமார் நம் தோட்டங்களில் உண்டு. ஆனால் "வேலைக்கு இடைஞ்சல்" என்பதற்காக அதைச் செய்யலாமா? இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு இதுதான் நடந்தது. கணவனும் மனைவியும் சோடியாக வேலைக்கு அமர்த்தப்படுவார்கள், ஒருநாள் வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். தூரமான நாளில் வேலை போகுமே என்ற பயத்தில், "விட்டால் கேன்சர் வரும்" என்று தனியார் டாக்டர்கள் சொன்னதை நம்பி, கடன் வாங்கிக் கருப்பையை எடுத்தார்கள். 2019இல் மாநில அரசின் குழு 82,309 பெண்களை விசாரித்தபோது 13,861 பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. பலர் நாற்பது வயதுகூட ஆகாதவர்கள். தேவையில்லாத இந்த ஒப்பரேஷன்களைக் கண்காணிக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனால் யாருக்கும் இலாபமில்லை. ஆனாலும் பேர் போகுமே, கிலோ குறையுமே என்ற நெருக்கடி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். ஆகவே கேளுங்கள்: மருந்தால் பார்க்க முடியாதா, கட்டியை மட்டும் எடுக்க முடியாதா, சூலகங்களை விட்டுவைப்பீர்களா? சூலகத்தை இள வயதில் எடுத்துவிட்டால் உடம்பு சூடாகி வியர்ப்பதும், எலும்பு தேய்வதும் முன்கூட்டியே வந்துவிடும்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கருத்தடை ஒப்பரேஷனில் குழாயைக் கட்டுகிறார்கள், கருப்பை அப்படியே இருக்கும், தூரமும் வரும். கருப்பையை எடுத்தால் தூரம் வராது, பிள்ளையும் பெற முடியாது. "எனக்கு முன்னமே ஒப்பரேஷன் ஆச்சு" என்று மட்டும் சொல்லாமல் எந்த ஒப்பரேஷன் என்று சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்த பெண் ஏறக்குறைய ஆறு வாரத்துக்குக் கூடை சுமக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, விறகு கட்டக் கூடாது. அந்த ஆறு வாரம் அந்த வேலைகளை யார் செய்வது என்பதை ஒப்பரேஷனுக்கு முன்னமே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். வைத்தியச் சான்றிதழை வாங்கித் தோட்டக் காரியாலயத்தில் கொடுப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். டாக்டர் சரி சொல்லும்வரை தாம்பத்தியமும் வேண்டாம். அதன்பிறகு அவள் பெண்தன்மை குறைந்தவள் என்று பேசுவது அறியாமை, அப்படி எதுவும் குறைவதில்லை.

இவற்றில் ஒன்று கண்டால் கிளினிக் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்: மணிக்கு ஒரு பேட் அல்லது துணி நனைந்து அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்வது, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, மூத்திரம் அடைத்துக்கொள்வது, கர்ப்பமாக இருக்கும்போது இரத்தம் படுவது. தூரம் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது கட்டிதான் என்று விட்டுவிடாமல் அந்த வாரமே காட்டுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் இலவச அம்புலன்ஸ் வரும். பேசும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் லய இலக்கத்தையும் சொல்லுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்தி வரை வரலாம் என்பதையும் சொல்லி, ஆளைக் கதிரையில் வைத்து அதுவரை இறக்கிக்கொண்டு வர நாலு பேரைக் கூப்பிடுங்கள்.