ஷிராகவாகோ போகிறவளுக்கு

கட்டடக்கலை படிக்கத் தொடங்கிவிட்டாய், ஜப்பானின் ஷிராகவாகோவுக்குப் போய் கஷ்ஷோ வீடுகளைப் பார்க்கப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது, கண்ணம்மா. கிளம்புமுன் சில வார்த்தைகள்.

1. கூரையைப் பார்த்து மயங்கி நின்றுவிடாதே. ஏறக்குறைய 60 பாகைச் சரிவில், கைகூப்பியதுபோல் நிற்கும் அந்தப் புல்கூரைதான் எவர் கண்ணிலும் முதலில் படும். நீ உள்ளே போ. கொட்டும் பனி தங்காமல் சரியவும், மழைநீர் புல்லில் ஊறாமல் இறங்கவும்தான் அத்தனை செங்குத்து. கூரைக்குள் அடுக்கடுக்கான பரண்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். முக்கோண முகப்பின் சன்னல்கள் அங்கே வெளிச்சமும் காற்றும் போவதற்கு. குடியானவனின் வயிற்றுப்பாடு தெரிந்தால் வீட்டின் வடிவம் தானாக விளங்கும்.

2. வளைந்ததை ஒதுக்காதே. மலைச்சரிவில் முளைக்கும் மரம், பனியின் கனத்தில் அடியில் வளைந்து பிறகு நிமிரும். அங்குள்ள தச்சர்கள் அந்த வளைவைச் செதுக்கி நேராக்கவில்லை. பாரம் தாங்கும் விட்டமாகவே வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரியும் மரத்தில் உளி வைக்குமுன் அது எங்கே வளர்ந்தது என்று கேட்பார். மனிதரிடமும் அப்படியே கேட்டுப் பழகு.

3. இறுக்கிப் பிடித்தால்தான் உறுதி என்று எண்ணாதே. அந்தக் கூரைச்சட்டத்தில் இரும்பு ஆணி கிடையாது. வைக்கோல் கயிற்றாலும், 'நேசோ' என்னும் இளங்கொம்பாலும் கட்டியிருப்பார்கள். பச்சையாக இருக்கும்போதே முறுக்கிக் கட்டினால், காயக் காய அது இறுகும். பெரிய கைமரங்களின் அடியைக் கூராகச் சீவி, விட்டத்தில் குடைந்த குழியில் நிறுத்தியிருப்பார்கள். குனிந்து அந்தக் குழியைப் பார். பெருங்காற்றில் கூரை சற்று அசைந்து கொடுக்கும், முறியாது.

4. புகையைப் பொறுத்துக்கொள். நடுக்கூடத்தில் தரையில் குழித்த 'இரோரி' அடுப்பின் புகை உன் கண்ணைக் கரிக்கும். கயிற்றையும் புல்லையும் ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பது அதுதான். நான் பழுதுபார்த்தவற்றில் பாதிக்குமேல் பூட்டிக் கிடந்த வீடுகள். அவற்றைத் தின்றது வயதல்ல, ஆளில்லாமை. அடுப்பெரியாத வீட்டில் கரையான் குடியேறும்.

5. பல வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அளவு நாடாவை எடுக்குமுன் அனுமதி கேள்.

6. கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கக் கற்றுக்கொள். இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். அடிச்சட்டம் தச்சர்களின் வேலை, கூரையோ ஊராருடையது. 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே திரண்டு ஒரு வீட்டுக்குப் புல் வேயும். இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற அந்த முறைக்கு 'யுயி' என்று பெயர். அணைகளில் ஊர்கள் மூழ்கி, வீடுகள் விலைபோய்க்கொண்டிருந்த காலமும் உண்டு. 1971இல் ஷிராகவாகோவின் ஒகிமாச்சி ஊர் மக்கள் கூடி, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அந்த உறுதி இல்லாவிட்டால் 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க அங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நீ போகும் நாளில் எங்காவது கூரை வேய்ந்துகொண்டிருந்தால், புல்கட்டைக் கைமாற்றும் வரிசையில் இடம் கேட்டு நில். வரைபடத்தை அப்புறம் வரைந்துகொள்ளலாம்.