ஏலத்தில் வீடு வாங்குதல்

டோல்கேட் பக்கத்தில் வங்கி ஏலமிடும் வீட்டை முதன்முறை வாங்க எண்ணும் அங்கத்தினர், மலிவைப் பார்க்குமுன் கெடுவைப் பார்ப்பது நலம். 2002-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஏலத்தொகையில் காற்பங்கை அன்றைக்கோ மறு வேலைநாளிலோ செலுத்தவேண்டும்; மீதியை, ஏலம் உறுதியானபின் 15 நாட்களுக்குள். உடன்பாட்டினால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். வேறு கடனை நம்பிக் கேட்பவர் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், 12.27 கோடி ரூபாய்க்கு ஏலமெடுத்தவர் மீதியைக் கட்டத் தவறினார். முன்பு கட்டிய காற்பங்கு முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லுமென்று உச்சநீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது.

சொத்து ‘உள்ளது உள்ளபடி’யே விற்கப்படுகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்று பதிவான அடமானங்களைக் காட்டும். வீட்டுவரிப் பாக்கியையோ, உள்ளே குடியிருப்பவரையோ காட்டாது. அவற்றை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வரி அலுவலகத்திலும் வீட்டு வாசலிலும் நேரில் விசாரித்தறிய வேண்டும்.