இரட்டைப் பார்வையும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயும்

கண்ணில் தோன்றும் குறைகள் யாவும் கண்ணிலேயே பிறப்பதில்லை. மூக்கின் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி, மூக்குத்தொண்டை என்னும் பகுதி அமைந்துள்ளது. நம் நாட்டில் நாகாலாந்து முதலிய வடகிழக்குப் பகுதிகளில் இவ்விடத்துப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

கட்டி மேல்நோக்கிப் பரவி எலும்பை அரிக்குமாயின், முதலில் பாதிப்புறும் நரம்புகளுள் ஆறாவது மண்டை நரம்பு ஒன்றாகும். கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் தசையை இயக்குவது இந்நரம்பே. இது செயலிழந்தால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும்.

நோயை உறுதிசெய்வது திசுச் சோதனை. அதன் எல்லையைக் காட்டுவது படம். 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கையாளப்பட்ட சி.டி. முறை எலும்பின் அரிப்பைத் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. முறை, நரம்பின் வழியே கட்டி படர்வதைப் புலப்படுத்தும். கதிர்வீச்சை எங்குச் செலுத்துவது, பார்வை நரம்பை எங்ஙனம் காப்பது என்பவற்றை மருத்துவர் இப்படங்களைக் கொண்டே வரையறுக்கின்றனர்.

ஆகவே, புதிதாக இரட்டைப் பார்வை தோன்றியவரிடம் கழுத்துக் கட்டி, மூக்கடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு, ஒரு காது மந்தம் ஆகியவை உண்டா எனக் களப்பணியாளரும் ஆசிரியரும் கேட்டறிதல் வேண்டும். இருப்பின், கண்ணாடி வாங்கச் சொல்லி நிறுத்திவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே அனுப்புதல் வேண்டும். தொடக்க நிலையில் இந்நோய் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவதாகும்.