டிரெய்லர் பின்விளக்கு எரியவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

மாட்டு வண்டிக் காலத்தில், இருட்டிய பின் ஊர் திரும்பும் வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். பின்னால் வருபவருக்கு அதுவே அடையாளம். இன்று நெல் மூட்டையும் கரும்பும் சவுக்கும் டிராக்டர் டிரெய்லரில் செல்கின்றன. ஆனால் பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பின்விளக்கு பெயரளவிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையையோ கிழக்குக் கடற்கரைச் சாலையையோ எண்ணிப் பாருங்கள். டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நொடிக்கு 11 மீட்டர் வீதம் குறைகிறது. 155 மீட்டர் தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அவருக்கு 14 நொடி கிடைக்கும். விளக்கின்றி 30 மீட்டரில்தான் டிரெய்லர் தெரிந்தால் 3 நொடிகூடக் கிடைக்காது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவுக்குத் தெரிய வேண்டும் எனக் கூறுவதன் பொருள் இதுதான்.

ஓர் அனுபவம்

சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு சிற்றூருக்கு அறுவடை நேரத்தில் சென்றிருந்தேன். அங்கே ஒரு விவசாயி, "பல்பை மூன்று முறை மாற்றிவிட்டேன் ஐயா, ஒயரையும் மாற்றியாகிவிட்டது" என்றார். விளக்கு எரியாததால் இரவில் மூட்டைகளின் மேல் மகனை உட்கார வைத்து, கையில் டார்ச் கொடுத்து அனுப்பி வந்தார். பின்னால் மோதல் நேர்ந்தால் முதலில் விழுவது அந்தப் பையன்தான். பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீண்ட ஒயரை இழுத்து, பின்விளக்கின் உலோகக் கூட்டில் தொட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்பிலும் குறையில்லை, ஒயரிலும் குறையில்லை. பொங்கலுக்கு டிரெய்லருக்குப் பெயிண்ட் அடித்தபோது எர்த் போல்ட்டின் அடியிலும் பெயிண்ட் புகுந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் வேலை முடிந்தது.

எர்த் ஏன் கெடுகிறது?

பாட்டரியிலிருந்து விளக்குக்குச் செல்லும் மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழியையே எர்த் என்கிறோம். பழைய டிரெய்லர்கள் பலவற்றில் இதற்குத் தனி ஒயர் இல்லை. சேசிஸ் இரும்பு, கொக்கி, பின் வழியாகவே மின்சாரம் டிராக்டருக்குத் திரும்புகிறது. கொக்கியில் துருவும் கிரீசும் மண்ணும் சேர்ந்தால் வழி அடைபடும்.

கடற்கரைப் பகுதியில் இத்தொல்லை அதிகம். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் எங்கும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு துருப்பிடிக்கிறது, பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, ஒயரின் செம்புக் கம்பி கறுத்துப் போகிறது.

அறிகுறிகள்

1. இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குதல், பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குதல்: பெரும்பாலும் எர்த் கோளாறு. பின்விளக்கு இழை 5 வாட், பிரேக் இழை 21 வாட். எனவே பிரேக் மிதிக்கும்போது நான்கு மடங்குக்கு மேல் மின்சாரம் தேவைப்படுகிறது. பழுதான எர்த் அதைத் தாங்காது.

2. ஒரு பக்க விளக்கு மட்டும் எரியாமை: அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. டிரெய்லர் விளக்குகள் எல்லாமே எரியாமை: பியூஸ், பிளக், சாக்கெட், எர்த்.

4. புதுப் பியூஸ் போட்டவுடன் போய்விடுதல்: எங்கோ ஒயரின் உறை தேய்ந்து சேசிசில் படுகிறது. டிப்பர் மடங்கும் இடம், இரும்பில் ஒயர் நுழையும் துளை, எலி கடித்த இடம் ஆகியவற்றைத் தேடுங்கள்.

பியூசுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது பேராபத்து. ஒயர் பழுத்துத் தீப்பிடித்தால், வைக்கோல் பாரம் முழுவதும் எரிந்துவிடும்.

சோதிக்கும் முறை

ஒரு 12 வோல்ட் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர் இருந்தால் டெஸ்ட் விளக்கு தயார்.

முதலாவதாக, டிராக்டரின் விளக்கு சுவிட்சைப் போடுங்கள். டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையால் சாக்கெட்டின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். எந்தப் பின்னிலும் எரியாவிட்டால் கோளாறு டிராக்டரில் உள்ளது. ஒயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்த ஒயரைப் போட்டிருக்கக் கூடும்.

இரண்டாவதாக, பிளக்கின் பின்களை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். நடுவில் பிளவுள்ள பின்களைக் கத்தி முனையால் சற்றே விரித்தால் இறுக்கமாகப் பொருந்தும்.

மூன்றாவதாக, மேலே சொன்ன நீண்ட ஒயர்ச் சோதனையைச் செய்யுங்கள். நெகட்டிவ் முனையிலிருந்து வரும் ஒயரை விளக்கின் கூட்டில் தொட்டதும் விளக்கு எரிந்தால், எர்த்தே குற்றவாளி.

நிலையாகச் சரிசெய்ய

வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கொக்கியை நம்பாமல், பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு விளக்கின் கூட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுப்பதே சிறந்தது. எர்த்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும், மற்றவற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் போதும். போல்ட் பொருந்தும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பின் முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கடற்கரையில் நெடுநாள் நிற்காது. ஈயம் வைத்துப் பற்றி, மேலே உறை போடுங்கள். எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் குறைவாகத் தேவைப்படினும் நல்ல எர்த் அதற்கும் வேண்டும்.

மறக்கலாகாதவை

சவுக்குக் கழிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல விளக்கும் மறைந்துவிடும். அவ்வாறு பாரம் ஏற்றாதீர்கள். விளக்கு திடீரெனக் கெட்டாலும் அடையாளம் இருக்கும்படி, பின்பலகையின் இருபுறமும் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் பொருத்தி, சேற்றைத் துடைத்து வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், சம்பா அறுவடைக்கு முன்னதாக ஒரு முறை எல்லா இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் வண்டி கிளம்புமுன், ஒருவர் சுவிட்சைப் போட்டு பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். அந்த ஒரு நிமிடம் போதும். டார்ச் பிடிக்க மூட்டை மேல் பிள்ளையை ஏற்றும் தேவை எந்த வீட்டிலும் இராது.