இடிப்பதும் ஓர் அறிவியலே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வீடு கட்டுவதைப் பற்றிச் சொல்லித் தருவோர் நம்மிடையே பலர் உளர். மனை பார்ப்பது முதல் புதுமனை புகுவிழா வரை நூல்களும் உண்டு. ஆனால் கட்டிய வீட்டை எப்படி இறக்குவது என்று எழுதியோர் மிகச் சிலரே. "இதற்கென்ன படிப்பு? நாலு ஆளும் இரண்டு கடப்பாரையும் போதாதா?" என்பதே பொதுவான எண்ணம். ஓட்டு வீட்டுக்கும் மண் சுவருக்கும் அந்த எண்ணம் ஒருவாறு பொருந்தலாம். கான்கிரீட் வீட்டுக்குப் பொருந்தாது. 1970களிலும் 80களிலும் நம் ஊர்களில் எழுந்த கான்கிரீட் வீடுகளும் வாரியக் குடியிருப்புகளும் இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டு, ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. ஆகவே இப்பொருளைச் சற்று ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

கான்கிரீட் ஏன் முதுமை அடைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கல்லைப் போலத் தோன்றும் பொருளுக்கு என்ன முதுமை என்று கேட்கலாம். சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்னும் பசை உண்டாகிறது. ஜல்லியையும் மணலையும் பிணைத்து வைப்பது இதுவே. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் அறிந்த நீற்றிய சுண்ணாம்பு, நிறைய உண்டாகிறது. இதனால் புதுக் கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12.5க்கும் மேல் இருக்கும். இத்தகைய கடுங்காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படிந்து கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கம்பிக்குக் கவசம் கான்கிரீட்டின் கனம் என்றே பலரும் நினைப்பர். உண்மையில் அதன் காரத்தன்மையே பெரிய கவசம்.

காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து, அந்தச் சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மாறிய இடத்தில் பி.எச். 9க்கும் கீழே இறங்கிவிடும். இம்மாற்றம் காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப உள்ளே செல்வதாகக் கணக்கிடுவர். பத்து ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் சென்றால் நாற்பது ஆண்டுகளில் 20 மில்லிமீட்டர் செல்லும். தளத்தின் அடிப்புறத்தில் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் 15 அல்லது 20 மில்லிமீட்டரே. நாற்பது வயது வீட்டில் கூரை பெயர்ந்து விழுவதன் கணக்கு இதுதான். படலம் அழிந்த கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும், கட்டும்போது சேர்த்த உப்பு நீரும் இதை விரைவுபடுத்தும். குளோரைடு அயனிக்கு, காரம் குறையாத கான்கிரீட்டிலும் படலத்தைத் துளைக்கும் ஆற்றல் உண்டு.

நம் ஆய்வகத்தில் நாள்தோறும் கையாளும் பினாப்தலீன் இங்கே வேறொரு வேலைக்கு உதவுகிறது. கான்கிரீட்டில் ஒரு துண்டைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தைத் துடைத்து, அதன்மேல் ஆல்கஹாலில் கரைத்த பினாப்தலீனைத் தெளிக்க வேண்டும். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். கரியமில வாயு தின்றுவிட்ட பகுதி நிறமின்றி நிற்கும். நிறமற்ற பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால், அக்கம்பியை நம்பி அத்தளத்தின்மேல் ஆட்களை ஏற்றக் கூடாது. பியூரெட்டின் கீழே ஒரு சொட்டில் நிறம் மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதே நிறம் ஒரு தொழிலாளியின் உயிரைப் பற்றிச் செய்தி சொல்வது வியப்பாக இருக்கிறது.

சென்னை திருவொற்றியூரில் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து, 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்ட குடியிருந்தோர் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அக்கட்டடம் 1993இல் கட்டப்பட்டது. முப்பது ஆண்டுகூட நிறையவில்லை.

இனி இடிக்கும் முறைக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4130 என்னும் விதித்தொகுப்பு கட்டடங்களை இடிப்பதற்கான பாதுகாப்பைப் பற்றியது. அது 1991இல் திருத்தப்பட்டது. அதன் சாரம் எளிது: மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும், மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி, மாடி மாடியாக இறங்க வேண்டும். கட்டிய வரிசையைத் தலைகீழாக்கினால் இடிக்கும் வரிசை கிடைக்கும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் ஒரு வீட்டில் எது எதைத் தாங்குகிறது என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடை எடுத்துக்கொள்வோம். அது ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பலகை. அதன் உட்பகுதி லிண்டலோடு சேர்ந்து சுவருக்குள் புதைந்திருக்கிறது. மேலேயுள்ள சுவரின் பாரமே அதைக் கவிழாமல் அழுத்திப் பிடிக்கிறது. மேலிருந்து கீழ் என்ற விதியை மட்டும் மனத்தில் கொண்டு அந்தச் சுவரை முதலில் எடுத்தால், சன்ஷேடு கீழே நிற்பவர் தலைமேல் முழுதாகக் கவிழும். எனவே சுவரைத் தொடுமுன் சன்ஷேடை உடைத்துவிட வேண்டும். இல்லையேல் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். பால்கனிக்கும் இதுவே பொருந்தும். அதில் கம்பி மேற்பகுதியில் கிடக்கும். மழைநீர் தேங்கி முதலில் துருப்பிடிப்பதும் அந்த மேற்பகுதிக் கம்பியே. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது.

என் தாய்மாமன் இருபத்தைந்து ஆண்டுகளாக இடிப்பு வேலைக்குச் செல்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஐ.எஸ். 4130ஐப் பற்றி நான் சொன்னபோதுதான் அப்படி ஒன்று இருப்பதையே அவர் கேள்விப்பட்டார். ஆனால் "எதைத் தொட்டாலும், அது எது மேல உக்காந்திருக்குன்னு பாரு, அது மேல எது உக்காந்திருக்குன்னும் பாரு மாப்பிள்ளை" என்று அவர் சொல்வதில் விதித்தொகுப்பின் பாதி அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி அவர் கையில் இல்லை. தலைக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் முதலாளி வாங்கித் தந்தால்தான் உண்டு.

தளத்தை உடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு கூடத்தின் தளத்தை எண்ணிப் பாருங்கள். அதன் கன அளவு 3.6 கன மீட்டர். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ எனக் கொண்டால், நம் தலைக்கு மேலே எட்டரை டன்னுக்கும் அதிகமான எடை நிற்கிறது. நீளம் மிகுந்த அறைகளில் முக்கியக் கம்பிகள் குறுகிய பக்கமாகவே ஓடும். அக்கம்பிகளின் திசையிலேயே ஒடுங்கிய கீற்றுகளாக உடைத்துச் சென்றால், மிச்சமிருக்கும் தளம் தன் காலில் தானே நிற்கும். கம்பிகளுக்குக் குறுக்கே வெட்டினால் எல்லாக் கீற்றும் ஒருசேரப் பிடிப்பிழக்கும். கான்கிரீட்டை உதிர்த்த பின்னரே கம்பியை அறுக்க வேண்டும். நடப்பில் இதற்கு மாறாகச் செய்யத் தூண்டும் காரணம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் பல இடங்களில், வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர் கதவு, சன்னல், இரும்பு ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு உரிமையாளருக்கே பணம் கொடுத்து வேலையை எடுக்கிறார். அவருடைய இலாபம் முழுதும் கம்பியில் இருக்கிறது. கம்பி எவ்வளவு விரைவில் வண்டி ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்னும் அவசரம் அங்கே பிறக்கிறது.

உடைத்ததை உடனே கீழே இறக்காமல் தளத்திலேயே குவித்து வைப்பது மற்றோர் ஆபத்து. குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் பாரம் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன; ஆட்களுக்கும் கட்டில் பீரோவுக்கும் அது போதும். உடைந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் 1,500 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், முழங்கால் உயரக் குவியல், அதாவது 45 சென்டிமீட்டர், சதுர மீட்டருக்கு 675 கிலோ அழுத்துகிறது. தாங்க வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அதுவும் கம்பி துருவேறிய தளத்தின்மீது! மேலே ஆட்கள் சம்மட்டி வீசிக்கொண்டிருக்கக் கீழ்த்தளம் இற்று விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மழை பெய்து குவியல் நனைந்தால் எடை இன்னும் கூடும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சம்மட்டியும் உளியும் பழையவை. கம்ப்ரஸரில் இயங்கும் பிரேக்கரும், ஜேசிபியின் கையில் பொருத்திய பிரேக்கரும் இன்று எங்கும் காணப்படுபவை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள இடத்தில் பெரிய பிரேக்கர் கூடாது. அதன் அதிர்வு அடுத்த வீட்டில் விரிசலை உண்டாக்கும். அங்கே வைரத்துகள் பதித்த சக்கரத்தால் அறுத்துப் பிரிப்பதே முறை. வேதியியல் மாணவர்க்குச் சுவையான மற்றொரு வழியும் உண்டு. கான்கிரீட்டில் வரிசையாகத் துளையிட்டு, சுட்ட சுண்ணாம்பை முதன்மையாகக் கொண்ட ஒரு தூளை நீரில் குழைத்து ஊற்றிவிடுகிறார்கள். அது நீர்த்து விரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும். இழுவையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆகவே ஒரு நாளைக்குள் ஓசையின்றிப் பிளந்து கிடக்கும். பிணைத்ததும் சுண்ணாம்பு, பிளப்பதும் சுண்ணாம்பு.

வெடி வைத்துத் தகர்ப்பது உயர்ந்த கட்டடங்களுக்கே உரியது. மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் பக்கத்துக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. கொச்சி அருகே மரடு குடியிருப்புகள் 2020 ஜனவரியிலும், நொய்டா இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்றும் இவ்வாறே வீழ்ந்தன. நொய்டாவில் சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்து, சில நொடிகளில் முடித்தார்கள். தொலைக்காட்சியில் அதைக் கண்டு கைதட்டினோம். அதன் பின்னால் இருந்த பல மாதத் தயாரிப்பை யாரும் காட்டவில்லை.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மணலிலும் கருங்கல் ஜல்லியிலும் படிகச் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை செல்கிறது. அங்கே தழும்பை உண்டாக்கி நுரையீரலை இறுகச் செய்யும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது இத்துகளைத் தடுக்காது. எண் 95 வகை முகமூடியாவது வேண்டும். அதைவிடச் சிறந்தது, உடைக்கும் இடத்தில் நீரைத் தெளித்துத் தூசி எழும்பாமலேயே செய்வது. ஒரு குழாயும் ஓர் ஆளும் போதும். ஆனால் நீர் விலைகொடுத்து லாரியில் வரும் ஊரில் அதையும் செலவுக் கணக்கில் பார்க்கிறார்கள். கல்நார்த் தகடு வேய்ந்த வீடாயின் அத்தகடுகளை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். அதன் இழை புற்றுநோய் தரக்கூடியது.

எஞ்சுவது இடிபாடு. வேலையாட்கள் இதை 'ரப்பீஸ்' என்பர். கம்பி நிமிர்த்தப்பட்டு எடைக்குப் போகும். தேக்கு நிலையும் சன்னலும் பழைய மரக்கடைக்குப் போகும். ரப்பீஸ் இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகும். இதைத் தடுக்கவே 2016இல் கட்டுமான, இடிபாட்டுக் கழிவுக்கெனத் தனி விதிகள் வந்தன. தில்லியில் புராரியில் 2009ஆம் ஆண்டே இதற்கான மறுசுழற்சி ஆலை தொடங்கப்பட்டது. நொறுக்கிச் சலித்த பழைய கான்கிரீட்டை ஜல்லியாகப் பயன்படுத்தலாம் என ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்புக்கொள்கிறது: கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை, கம்பியுள்ளதில் எம்25 தரம் வரையிலும் 20 விழுக்காடு. இந்த வரம்புக்குக் காரணம் உண்டு. பழைய ஜல்லியின்மேல் பழைய சிமெண்டுக் காரை ஒட்டிக்கொண்டிருக்கும். அது நுண்துளை மிகுந்தது, புதுக் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். அதனால் கலப்பதற்கு முன் அதை நன்றாக நனைத்துக்கொள்கிறார்கள். வேறோரிடத்தில் எழும் வீட்டின் அடித்தளத்துக் கீழ்க் கான்கிரீட்டுக்கு, எம்15க்கும் குறைந்த தரம் போதும் இடத்தில், ஜல்லி முழுவதையும் இதிலிருந்தே போட அதே திருத்தம் இடம் தருகிறது.