எட்டாம் நம்பர் பந்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

பொதட்டூர்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சென்னைக்கு வரும்போதெல்லாம் நண்பர்களோடு பூல் ஆடுகிறீர்கள். ஏழு பந்துகளை மளமளவென்று போட்டுவிடுகிறீர்கள். கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் நம்பர் பந்துக்குக் குனிந்ததும் கை நடுங்குகிறது. 'டென்ஷன் ஆகாதே' என்று நண்பர்கள் சொன்னால் நடுக்கம் கூடுகிறது என்கிறீர்கள். கூடத்தான் செய்யும். பதறாதே என்று சொல்லி யாருடைய பதற்றமும் அடங்கியதில்லை.

முதலில் பின்கையைப் பாருங்கள். பயம் வந்ததும் அது கியூ கோலை இறுக்கும். முன்கை விறைக்கும், அடிக்கிற கணத்தில் நுனி விலகும். வெள்ளைப் பந்தில் கொஞ்சம் தப்பினாலே போதும், எட்டாம் பந்து பாக்கெட் வாயில் முட்டித் திரும்பிவிடும். வீட்டில் விசைத்தறி ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது நூலை எவ்வளவு லேசாகப் பிடிப்பீர்கள்! கியூவுக்கும் அந்தப் பிடி போதும்.

அடுத்தது கண். வில்லியம்ஸ், சிங்கர், ஃப்ரேலிக் என்ற ஆய்வாளர்கள் பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அடிப்பதற்கு முன் தேர்ந்த ஆட்டக்காரரின் பார்வை இலக்கில் அதிக நேரம் அசையாமல் நின்றது. பந்து விழுந்த அடிகளில் அந்த நேரம் நீண்டிருந்தது, தவறிய அடிகளில் குறைந்திருந்தது. பயந்தவன் அவசரப்படுவான். அவசரத்தில் முதலில் ஓடுவது கண்தான்.

அதனால் எந்த பாக்கெட், எவ்வளவு வேகம், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நின்றபடியே முடிவு செய்யுங்கள். குனிந்தபின் யோசனை வேண்டாம். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் எழுந்து, மூச்சை நிதானமாக விட்டு, மறுபடி குனியுங்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2017 உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் நம் நாட்டு வித்யா பிள்ளை, ஹாங்காங்கின் இங் ஆன்-யீயிடம் 5–6 என்று தோற்றார். கடைசி ஃப்ரேம் வரை போராடிய ஆட்டம் அது. 2025 நவம்பரில் தோஹாவில் அதே ஆன்-யீயை, கடைசி ஃப்ரேம் வரை போன இறுதியாட்டத்தில், சென்னை அனுபமா ராமச்சந்திரன் 3–2 என்று வென்று உலகப் பட்டம் பெற்றார். எதிரே நின்றவர் மூன்று முறை உலக மகளிர் சாம்பியன். வென்ற அனுபமாவுக்கும் தோற்ற வித்யாவுக்கும் தைரியத்தில் குறைவில்லை என்பது என் உறுதியான எண்ணம். பந்து விழுவது முழுக்க நம் கையில் இல்லை. ஆனால் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை நம் கையில் இருக்கின்றன.

அடுத்த முறை சென்னைக்கு வரும்போது இப்படி ஆடிப் பாருங்கள். எட்டாம் பந்து விழாவிட்டாலும் பரவாயில்லை, குனிந்தபோது கை எப்படி இருந்தது என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.