நடந்து வந்த விடுதலை

சாம்பல்தீவுக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக்குடாவில், 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார் ஆங்கிலேய வாலிபர் ரொபேட் நொக்ஸ். உடனிருந்த தகப்பனார் மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றார். ஒரு தொப்பியைக் கொடுத்தே விவிலிய நூலொன்றையும் பெற்றார். ஊரூராய்ச் சரக்கு விற்று நடந்து, வழிகளை அறிந்தார். 1679இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரக் காடு கடந்து, அருவி ஆற்றோரமாய் நடந்து, அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவரது இலங்கை நூல் இன்றும் வரலாற்று ஆதாரமாகும்.

ஆயினும், 19 ஆண்டுகள் அடைபட்டிருந்த அதே மனிதர், பின்னர் கப்பல் தலைவராகி மடகாஸ்கருக்கு அடிமைகளை வாங்கச் சென்றார்! பட்ட துன்பம் தானாகவே இரக்கத்தைக் கற்பிப்பதில்லை. அதை நாமே கற்க வேண்டும். நேற்று நாம் பட்டதை, இன்று நம் வீட்டில் வேலை செய்பவர் படுகிறாரா? சிந்திப்போம்.